சங்கு ஊதிய பிறகு கலந்த பச்சை

போன மாதம் உங்கள் அலுவலகத்துக்கு என்னைக் கூப்பிட்டு, டீயும் பிஸ்கட்டும் கொடுத்து, ஒரு பெரிய திரைக்கு முன்னால் உட்கார வைத்தீர்கள். கடலடி மண்ணின் மேடு பள்ளத்தை ஒரு கருவி அளந்து வந்திருந்தது. கம்ப்யூட்டர் அதைப் படமாக்கி வைத்திருந்தது. திரைக்கு முன்னால் இருந்த பெண் ஒரு பட்டியலைத் திறந்தாள். வண்ண வரிசைகள் ஒன்றன்கீழ் ஒன்றாக, புடவைக் கடையில் விரித்துப் போட்டது போல இருந்தன. ஒன்றை அழுத்தினாள், கடலடி முழுக்க வானவில். இன்னொன்றை அழுத்தினாள், ஒரே நெருப்பு. "எது நல்லா இருக்கு மேடம்?" என்று கேட்டாள்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வயதானால் கோபம் குறையும் என்கிறார்கள், எனக்கு அந்தப் பாக்கியம் இல்லை. "இதை யாரும்மா பார்க்கப் போறாங்க?" என்று திருப்பிக் கேட்டேன். "எல்லாரும்தான்" என்றாள். அந்த "எல்லாரும்" என்ற வார்த்தைக்காகத்தான் அன்றைக்கு லூர்து அண்ணன் கதையைச் சொன்னேன். சொல்லி முடித்த பிறகு அங்கே நடந்தது உங்களுக்குத் தெரியும். உங்கள் ஆண்டு மலருக்கு அதையே எழுதிக் கொடுங்கள் என்று நச்சரித்ததால் எழுதுகிறேன். அன்று டீ ஆறிவிடுமே என்று அவசரத்தில் விட்டதையும் சேர்த்திருக்கிறேன்.

அறுபதுகளின் கடைசி. ராயபுரத்தில், ரயில் தண்டவாளத்தை ஒட்டிய ஒரு தகரக் கூரைக் கட்டடத்தின் மாடியில் எங்கள் டிராயிங் ஆபீஸ். துறைமுகத்தில் தூர்வாரும் வேலையை ஒப்பந்தம் எடுத்துச் செய்யும் கம்பெனி. பெயர் வேண்டாம், இப்போது அது இல்லவும் இல்லை. நான் பெரம்பூர்ப் பெண். அப்பா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் பெயிண்டர். பெட்டிகளுக்கு வண்ணம் அடித்தவரின் மகள் கடலுக்கு வண்ணம் அடிக்கப் போனாள் என்று தெருவில் கேலி செய்வார்கள். கேலியில் ஒன்றும் பிழையில்லை, என் வேலையே அதுதான்.

வேலை எப்படி நடக்கும் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தேசப்பன் என்று ஒருவன், திருவொற்றியூர்க் கடலோரக் குப்பத்துப் பிள்ளை, கட்டுமரத்திலேயே வளர்ந்தவன். ஈயக் குண்டு கட்டிய கயிற்றைப் படகிலிருந்து இறக்கி இறக்கி, எத்தனை அடி ஆழம் என்று கத்துவான். படகில் உட்கார்ந்திருக்கும் கிளார்க் அதைக் குறித்துக்கொள்வார். அந்த எண்களை நான் பெரிய தாளில் இடம் பார்த்து எழுதுவேன். எண் எழுதிய தாள் ஆபீஸை விட்டு வெளியே போகாது. அதைப் பார்த்து இன்னொரு தாளில் வண்ணம் மட்டும் பூசி, தூர்வாரும் கிரேனுக்கு அனுப்புவோம். சேற்றிலும் உப்புத் தண்ணீரிலும் நனையும் தாளில் பொடி எண்களை யார் படிப்பது?

கிரேன் என்றால் கரையில் நிற்பது இல்லை. பெரிய இரும்பு மிதவை, அதன் மேல் கிரேன், அதன் நுனியில் தாடை திறந்து மூடும் வாளி. வாளி தண்ணீருக்குள் போய்ச் சேற்றைக் கவ்விக்கொண்டு வரும். அதை ஓட்டியவர்தான் லூர்து அண்ணன். ராயபுரம் மாதா கோயில் தெருக்காரர், மீன்பிடிக் குடும்பம். மிதவையில் ஒரு வழக்கம் இருந்தது. வண்ணத் தாளை டிரைவரைத் தவிர யாரும் தொடக்கூடாது. மற்றவர்கள் கயிறு இழுப்பார்கள், நங்கூரம் மாற்றுவார்கள், எங்கே தோண்டுவது என்று கேட்கமாட்டார்கள். கேட்டால் டிரைவருக்கு மரியாதைக் குறைவு. அதனால் அந்தத் தாளைப் படிக்கிற ஒரே ஜோடிக் கண்கள் லூர்து அண்ணனுடையவை. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆரம்பத்திலிருந்தே எங்கள் தாள் நீலம். வெறும் நீலம். மேட்டுக்கு ஒரு பூச்சு, அதைவிட ஆழத்துக்கு அது காய்ந்ததும் அதன் மேலேயே இன்னொரு பூச்சு, இன்னும் ஆழத்துக்கு இன்னொன்று. வெளுத்த இடம் மேடு, கறுத்த இடம் பள்ளம். எந்த அடியில் பூச்சை மாற்றுவது என்பதை ஒவ்வொரு வேலைக்கும் புதிதாகத் தீர்மானிப்போம். வரப்போகிற கப்பலின் அடிவயிறு எவ்வளவு தண்ணீர் கேட்கிறதோ, அந்த இடத்தில் இரண்டு நீலத்துக்கும் நடுவே நல்ல வித்தியாசம் தெரிய வேண்டும். மற்ற இடங்களில் முன்னே பின்னே இருந்தால் குடி முழுகாது. நீங்கள் இன்று திரையில் எல்லையை இழுத்து இழுத்துச் சரிசெய்கிறீர்களே, அதைத்தான் நாங்கள் பிரஷ்ஷால் செய்தோம். ஒரே வித்தியாசம், உங்களுக்குப் பிடிக்கவில்லை என்றால் பழையபடி ஆக்கிவிடலாம். எனக்குப் பிடிக்கவில்லை என்றால் புதுத் தாள்.

அப்போது புதிதாக ஒரு இன்ஜினியர் வந்தார். நல்ல மனிதர், சுறுசுறுப்பு. முதல் வாரமே எங்கள் நீலத் தாளைத் தூக்கிப் பார்த்து, "என்ன இது, வண்ணான் துறையில காயப்போட்ட வேட்டி மாதிரி?" என்றார். துறைமுகம் என்றால் சிவப்பு, பச்சைதானே என்பது அவர் வாதம். கப்பல் உள்ளே வருகிற கால்வாயின் இந்தப் பக்கம் சிவப்பு விளக்கு, அந்தப் பக்கம் பச்சை விளக்கு. இங்கே வேலை செய்கிற ஒவ்வொருவனும் அந்த இரண்டு நிறத்தைப் பார்த்தே பிழைக்கிறான். மேட்டுக்குச் சிவப்பு, போதுமான ஆழத்துக்குப் பச்சை. சிவப்பைத் தோண்டு, பச்சையை விடு. குழந்தைக்குக்கூடப் புரியும். எங்கள் எல்லோருக்கும் அது நியாயமாகவே பட்டது. எனக்கும்தான்.

பெர்த் ஒன்றை, அதாவது கப்பல் வந்து அணைகிற இடத்தை, ஆழப்படுத்தும் வேலை அப்போது கையில் இருந்தது. பெரிய தாதுக் கப்பல் ஒன்று வரப்போகிறது, அதற்குள் முடிக்க வேண்டும். அந்த வேலைக்குத்தான் முதல் சிவப்பு பச்சைத் தாள். இன்ஜினியர் பக்கத்தில் நின்று, ஒரு நிறம் இன்னொன்றை அமுக்கிவிடக்கூடாது, இரண்டும் சமமாக நிற்க வேண்டும் என்றார். நானும் பீங்கான் கிண்ணத்தில் துளித் துளியாகத் தண்ணீர் விட்டு, சிவப்பும் பச்சையும் ஒரே அழுத்தத்தில் இருக்கும்படி கலந்தேன். அழகாக வந்தது. பக்கத்து டேபிள்காரர் எழுந்து வந்து பார்த்துவிட்டுப் போனார்.

நீலத்துக்கு ஒரு பெரிய ஜாடி நிறையக் கலந்து வைத்துக்கொள்வோம், தாள் முடியும் வரை வரும். சிவப்பும் பச்சையும் சின்ன வில்லைகளாகத்தான் கிடைத்தன. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கலக்க முடியும். தாளின் மேற்குப் பாதியை முடித்தபோது மத்தியானச் சங்கு ஊதியது. அந்த வட்டாரத்தில் தொழிற்சாலைச் சங்குதான் எங்களுக்குக் கடிகாரம். பிரஷ்ஷைக் கழுவி வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வருவதற்குள் கடல் காற்றில் கிண்ணத்து வண்ணம் காய்ந்து ஒட்டிப்போயிருந்தது. சுரண்டிக் கழுவி, இரண்டையும் புதிதாகக் கலந்து கிழக்குப் பாதியை முடித்தேன். சேருமிடம் தெரிகிறதா என்று உற்றுப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. இன்ஜினியருக்கும் தெரியவில்லை. தாள் மிதவைக்குப் போயிற்று.

சில நாள் கழித்து தேசப்பன் மறுபடி ஆழம் பார்த்துவிட்டு வந்தான். எண்களைப் பார்த்ததும் ஆபீஸே கலங்கிவிட்டது. ஆழம் போதுமான இடங்களில் வீணாகத் தோண்டிக் குழியாக்கியிருந்தது. தோண்ட வேண்டிய மேட்டில் பெரும்பகுதி அப்படியே உட்கார்ந்திருந்தது. கப்பல் வரும் நாளோ நெருங்கிக்கொண்டிருந்தது. ஒப்பந்தம் கை நழுவினால் கம்பெனிக்கு மூச்சு நின்றுவிடும்.

இன்ஜினியர் யோசித்தார். லூர்து இத்தனை வருஷம் ஓட்டியும் ஒரு தடவைகூடத் தப்பான இடத்தில் வாளியை இறக்கியதில்லை. தாள் சரியாக இருக்கிறது, அதை அவரே பக்கத்தில் நின்று பார்த்தார். மிச்சம் இருப்பது ஆழம் பார்த்தவன்தான். படகில் கிளார்க் நோட்டில் குனிந்திருக்கும் நேரம் பார்த்து, கயிற்றை அடி வரைக்கும் இறக்காமலே வாய்க்கு வந்த எண்ணைக் கத்தியிருக்கிறான் என்று முடிவு கட்டினார். தேசப்பன் தற்காலிக ஆள். நிரந்தரம் ஆக்குவதாகச் சொல்லியிருந்த நேரம் அது. இப்போது பொய்க் கணக்குச் சொன்னான் என்று வெளியே தள்ளினால், காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரைக்கும் எவனும் அவனைப் படகில் ஏற்றமாட்டான். ஆழம் பொய் சொல்பவனை நம்பி யார் கடலில் இறங்குவார்கள்?

தேசப்பன் வாயாடி இல்லை. இன்ஜினியர் எதிரே நின்று ஒன்றே ஒன்றுதான் சொன்னான். "கடல் தாயி மேல ஆணையா சார், கவுறு சொன்னதத்தான் நான் சொன்னேன்."

மறுநாள் காலை வந்து கணக்கை முடித்துக்கொண்டு போகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவன் படியிறங்கிப் போவதை ஜன்னலில் நின்று பார்த்தேன். தண்டவாளத்தைத் தாண்டும்போது ஒரு கூட்ஸ் வண்டி வந்தது. அது போகும் வரைக்கும் ஓரமாக நின்றவன், போன பிறகும் அப்படியே நின்றுகொண்டிருந்தான்.

என் வேலை எண்களைத் தாளில் எழுதுவது. பொய்யோ மெய்யோ, புது எண்களையும் எழுதித்தான் ஆக வேண்டும். மெல்லிய டிரேசிங் தாளில் எழுதி, எங்கே தோண்டியிருக்கிறது, எங்கே இல்லை என்று கோடு போட்டேன். கோடு நேராக வந்தது. வடக்கிலிருந்து தெற்கே, ஸ்கேல் வைத்து இழுத்தது போல. அதற்கு மேற்கே எல்லாம் தோண்டியாகிவிட்டது, சிவப்பும் பச்சையும் பாகுபாடு இல்லாமல். கிழக்கே கை வைக்கவே இல்லை.

கடல் மண் நேர்கோட்டில் நிற்காது. வாய்க்கு வந்த எண்ணைக் கத்துகிறவனுக்கும் நேர்கோடு வராது. இந்தக் கோட்டை எங்கே பார்த்தேன் என்று மண்டையைக் குடைந்தேன். அப்புறம் ஞாபகம் வந்தது. அது சங்கு ஊதியபோது நான் பிரஷ்ஷை வைத்த இடம்.

இரண்டாவது தடவை கலந்தது ஒரு இம்மி கூடுதல் அழுத்தமாக விழுந்திருக்க வேண்டும். சிவப்பும் பச்சையும் கண்ணைப் பறிக்கிற தாளில் அந்த இம்மி யாருக்கும் தெரியாது. ஆனால் ஒருவருக்குச் சிவப்பும் பச்சையும் தெரியவே இல்லை என்றால்? அவருக்கு அந்தத் தாளில் தெரிவது அந்த ஒரே வித்தியாசம்தான். மேற்கே கொஞ்சம் வெளுப்பு, கிழக்கே கொஞ்சம் கறுப்பு. வெளுத்த இடம் மேடு, அதைத் தோண்டு. நாங்கள் நீலத்தில் பழக்கிய பாடம்.

மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் ஒரு படகுக்காரரைக் கெஞ்சி மிதவைக்குப் போனேன். பெண்கள் அங்கே போகும் வழக்கம் இல்லை. லூர்து அண்ணன் கிரேன் நிழலில் தூக்குச் சட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "இன்னா தங்கச்சி, நீயே வந்துக்கீற? ஆபீஸ்ல எதுனா பேஜாரா?" என்று கேட்டு எழுந்தார். நான் நீட்டி முழக்கவில்லை. அவரிடமிருந்த வண்ணத் தாளை வாங்கி விரித்து, "அண்ணே, இதுல சிவப்பு எது காட்டுங்க" என்றேன்.

அவர் தாளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மறுபடி உட்கார்ந்தார்.

பிறவியிலேயே அப்படியாம். சிவப்பும் பச்சையும் அவருக்கு ஒரே மண் நிறம். வலைக்குக் கட்டிய மிதப்புக் கட்டைகளில் நிறம் மாற்றி எடுத்தபோது அவருடைய அப்பா கண்டுபிடித்து, வெளியே மூச்சு விடாதே என்று சொல்லியிருக்கிறார். கால்வாய் விளக்குகளை இடம் வைத்தும், எது பிரகாசம் எது மங்கல் என்று வைத்தும் தெரிந்துகொள்வாராம். மிதக்கும் எதன் மீதும் வேலை செய்கிறவனுக்குக் கண் சர்டிபிகேட் வேண்டும் என்று விதி வந்தபோது, வரிசையில் முன்னால் நின்றவன் சொன்ன பதிலைக் காதில் வாங்கி மனப்பாடமாக ஒப்பித்துவிட்டார். அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் யாராவது கேட்டுவிடுவார்களோ என்ற பயம். புதுத் தாள் வந்ததும் கேட்க வாயெடுத்திருக்கிறார். கேட்டால் ஏன் கேட்கிறாய் என்பார்கள். வெளுப்பும் கறுப்பும் தெரிகிறதே, பழைய கணக்குத்தான் என்று தானே சமாதானம் சொல்லிக்கொண்டு தோண்டிவிட்டார்.

தேசப்பன் மேல் பழி விழுந்தது அவருக்குத் தெரியாது. மிதவைக்கு அந்தச் செய்தி வந்திருக்கவில்லை. நான் சொன்னதும் கையிலிருந்த சோற்றைச் சட்டியிலேயே போட்டுவிட்டார்.

வழி நெடுக நான் ஒன்றைத்தான் யோசித்துக்கொண்டு வந்திருந்தேன். உண்மையைச் சொன்னால் இவருடைய பிழைப்புப் போகும். வீட்டில் மூன்று பெண்கள். சொல்லாவிட்டால் அந்தப் பையனுடையது போகும். நானே இன்ஜினியரிடம் சொல்ல வேண்டுமா, இவரைக் காட்டிக்கொடுக்க எனக்கு என்ன உரிமை? இதையெல்லாம் அவரிடமே கேட்டுவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

"நீ எதுவும் சொல்லாத தங்கச்சி. உன் வாயால வந்தா கோள் சொன்ன மாதிரி ஆயிடும். காலைல நான் வரேன்."

அவ்வளவுதான். தனக்காக ஒன்றும் கேட்கவில்லை. வெளியே சொல்லாதே என்று கெஞ்சவில்லை. படகு கிளம்பும்போது, "பாத்து இறங்கு, பாசி வழுக்கும்" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் காலை தேசப்பன் துவைத்த சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றான். இன்ஜினியர் ஏதோ காகிதத்தை எடுத்து வைத்தார். படியில் காலடிச் சத்தம் ஒன்றையும் காணோம். லூர்து அண்ணன் அந்த மாடிக்கு அதுவரை ஏறி வந்ததே இல்லை. அவர் வராமல் இருந்திருந்தால் நான் வாயைத் திறந்திருப்பேனா? நிச்சயமாகத் திறந்திருப்பேன் என்று சொல்ல ஆசைதான். எனக்குத் தெரியாது. நல்லவேளை, தெரிந்துகொள்ளும்படி அவர் விடவில்லை. தகரப் படி அதிர ஏறி வந்து, செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே வந்தார்.

"சார், அந்தப் பையன் மேல தப்பு இல்ல. நான்தான் தப்பா தோண்டிக்கீறேன். எனக்கு செவப்பும் பச்சையும் தெரியாது. ரெண்டும் ஒண்ணாத்தான் கீது."

இன்ஜினியர் நம்பவில்லை. நம்பாததில் நியாயம் இருக்கிறது. கண் சர்டிபிகேட் அவருடைய மேஜையிலேயே இருந்தது. கடலோரத்து ஆட்கள் ஒருவரை ஒருவர் விட்டுக்கொடுக்கமாட்டார்கள், ஒரு பையனைக் காப்பாற்றப் பெரியவர் பொய் சொல்கிறார் என்று நினைத்தார். நீங்களே யோசித்துப் பாருங்கள். எனக்குத் தெரிகிறது என்பதை நிரூபிக்கலாம். எனக்குத் தெரியவில்லை என்பதை எப்படி நிரூபிப்பது? பச்சையைக் காட்டிச் சிவப்பு என்று யார் வேண்டுமானாலும் சொல்லிவிடலாமே. தேசப்பனும் தன் பங்குக்கு, "அண்ணே, எனக்காக நீ இதெல்லாம் சொல்லாத" என்று காரியத்தைக் கெடுத்தான். லூர்து அண்ணன் முகம் சுண்டிப்போயிற்று. சின்ன வயதிலிருந்து மறைத்து வைத்ததை வாய் திறந்து சொன்னால், பொய் என்கிறார்கள்.

அவர் சொல்லி முடித்துவிட்டார், இனி நான் பேசினால் கோள் இல்லை. லூர்து அண்ணன் கையோடு கொண்டுவந்திருந்த வண்ணத் தாளை மேஜையில் விரித்து, நான் கோடு போட்ட டிரேசிங் தாளை அதன் மேல் வைத்தேன். ஜன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்தேன். வெளிச்சம் சரிவாக விழுந்தபோதுதான் சேருமிடம் மங்கலாகத் தெரிந்தது. தோண்டிய எல்லை அதன் மேல் அச்சாக உட்கார்ந்தது.

"இது நான் சங்கு ஊதினதும் சாப்பிடப் போன இடம் சார். இதுக்கு அந்தப் பக்கம் திரும்பி வந்து கலந்த வண்ணம். நம்ம யார் கண்ணுக்கும் இது தெரியலை. இவர் கண்ணுக்கு இது ஒண்ணுதான் தெரிஞ்சிருக்கு. தேசப்பன் பொய் சொல்லியிருந்தா, நான் எங்கே எழுந்து சாப்பிடப் போனேன்னு அவனுக்கு எப்படித் தெரியும்?"

இன்ஜினியர் தாளைத் தன் கையில் வாங்கிக்கொண்டார். ஜன்னலோரம் போய் முன்னும் பின்னும் சாய்த்துப் பார்த்தார். பிறகு எதிரே வந்து தேசப்பனின் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னை மன்னிச்சிரு தம்பி" என்றார். இப்படி ஒரு இன்ஜினியரை அந்தக் காலத்தில் நான் பார்த்ததில்லை, இந்தக் காலத்திலும் அதிகம் பார்க்கவில்லை. மேலிடத்துக்கு எழுதியபோதும் வண்ணம் என் யோசனை, பிழை என்னுடையது என்றே எழுதினார். டிரைவர் தவறு என்று ஒரு வரி எழுதிவிட்டுக் கையைக் கழுவியிருக்கலாம். எழுதவில்லை.

ஆனால் விதி விதிதான். தெரிந்த பிறகு கண்ணை மூடிக்கொள்ள முடியாது, ஒரு நாள் இருட்டில் விளக்கு மாறினால் மிதவையில் உள்ள அத்தனை பேர் உயிரும் போகும் என்றார். லூர்து அண்ணனே தலையாட்டினார். இந்தக் கப்பல் வரும் வரைக்கும் பகல் வெளிச்சத்தில் மட்டும் அவர் ஓட்டுவது, அதற்குப் பிறகு கரையில் பளு இழுக்கும் வின்ச் இயந்திரத்தில் வேலை என்று முடிவாயிற்று. சம்பளம் குறையாது. தண்ணீருக்கு மேல் மட்டும் இனி வேலை கிடையாது.

அன்று மாலைக்குள் நான் நீலத் தாள் ஒன்றைப் பூசி முடித்தேன். ஜாடி நிறைய ஒரே கலவை. முடித்ததும் இன்ஜினியர் அதை மிதவைக்கு அனுப்பவில்லை. லூர்து அண்ணனை மாடிக்குக் கூப்பிட்டு, டேபிளில் விரித்து, "இதைப் படிச்சுச் சொல்லுங்க" என்றார். முதல் தடவையாக "நீங்க" போட்டுப் பேசியதைக் கவனித்தேன். லூர்து அண்ணன் குனிந்து, வண்ணம் ஈரமாக இருக்கப்போகிறதே என்று தொடாமல், ஒரு விரலைத் தாளுக்கு மேல் நகர்த்திக்கொண்டே போய் நிறுத்தினார்.

"இங்கத்தான் கீது மேடு."

நான் எண் தாளைப் பார்த்தேன். அங்கேதான் இருந்தது.

பிறகு நடந்ததைப் பார்க்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும். காலையில் வெளிச்சம் வந்ததும் வாளி இறங்கும், வெளிச்சம் போகும் வரை நிற்காது. பக்கத்திலேயே படகில் தேசப்பன் கயிற்றை இறக்கி ஆழத்தைக் கத்துவான். அதுவரை கிளார்க்கைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தவன், இப்போது கிரேனைப் பார்த்து, லூர்து அண்ணன் காதில் விழும்படிக் கத்தினான். ஒவ்வொரு அடி இறங்கும்போதும் அவன் குரல் ஏறியது. கப்பல் வந்தது, அணைந்தது, அடி தட்டவில்லை. மறுநாள் லூர்து அண்ணன் தூக்குச் சட்டியை எடுத்துக்கொண்டு கரைக்கு வந்துவிட்டார்.

அதன் பிறகு வண்ணத் தாள் எதுவாக இருந்தாலும், அவருடைய வின்ச் கொட்டகைக்கு எடுத்துப்போய் அவர் படித்துச் சொன்ன பிறகே வெளியே அனுப்பினேன். இன்ஜினியர் போட்ட ஏற்பாடு அது. அவர் மாற்றலாகிப் போன பிறகும் நான் விடவில்லை. தேசப்பன் நிரந்தரமாகி, பிறகு அந்தப் படகுக்கே பொறுப்பாளன் ஆனான். ஞாயிற்றுக்கிழமைகளில் லூர்து அண்ணன் வீட்டில்தான் அவனுக்குச் சாப்பாடு என்று கேள்வி.

ஒரு நாள் மனசு கேட்காமல் கேட்டுவிட்டேன். கடலை விட்டது கஷ்டமாக இல்லையா அண்ணே என்று. கொட்டகைக்கு வெளியே, மிதவை நிற்கிற பக்கம் பார்த்தார். "கஷ்டந்தான் தங்கச்சி. பொய் சொல்ல மாட்டேன். ஆனா அங்க இருந்த வரைக்கும் பயந்துகினேதான் இருந்தேன். இப்பதான் நிம்மதியா தூங்கறேன்" என்றார்.

வேலையில் எத்தனையோ பெரிய மனிதர்களைப் பார்த்தேன். மேடையில் மாலை போட்டுக்கொண்டவர்கள், பெயர்ப்பலகையில் இருப்பவர்கள். அந்தத் தகரப் படியில் ஏறி வந்த மனிதரை விடப் பெரியவர் ஒருவரையும் பார்க்கவில்லை. யாரும் அவரைக் கூப்பிடவில்லை. வராமல் இருந்திருந்தால் அவரைக் கேட்பாரும் இல்லை.

இந்த இடத்தில்தான் அன்று நான் பேச்சை நிறுத்தினேன், நீங்களும் கவனித்தீர்கள். இந்தக் காலத்தில் வண்ணப் பட்டியல் ஆயிரம் இருக்கிறது, எதைத் தேர்ந்தெடுப்பது என்ற யோசனையும் இருக்கிறது, நான் என்ன சொல்லித்தரப் போகிறேன்? உங்கள் மேஜைகளில் லூர்து யார் என்று உங்களுக்குத் தெரியாது, அவர் தானாகச் சொல்லவும் மாட்டார், அதனால் அவர் இருக்கிறார் என்றே நினைத்துப் பூசுங்கள் என்று மட்டும் சொன்னேன்.

அப்போது வலது பக்கம் கடைசி நாற்காலியில், நான் வந்ததிலிருந்து ஒரு வார்த்தை பேசாமல் இருந்த உங்கள் சீனியர் எழுந்து நின்றார். அவரே எல்லார் முன்னாலும் சொன்னதால்தான் எழுதுகிறேன். எழுதலாமா என்று போனில் கேட்டும் விட்டேன். "அந்த வானவில் படத்துல எனக்குப் பாதி புரியறதில்லைம்மா. இத்தனை வருஷமா பக்கத்துல இருக்கறவங்க பேசறதை வெச்சுத்தான் சமாளிக்கிறேன்" என்றார்.

பட்டியலைத் திறந்து காட்டிய அந்தப் பெண் திரையின் பக்கம் திரும்பி, பட்டியலைக் கீழே கீழே இறக்கி, வெளுப்பிலிருந்து கறுப்புக்குப் போகிற வெறும் நீலம் ஒன்றைத் தேடிப் பிடித்து அழுத்தினாள். எழுந்து தன் நாற்காலியை அவருக்கு விட்டாள். "சார், இப்ப?" என்றாள்.

அவர் வந்து உட்கார்ந்து, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, குனிந்து, ஒரு விரலைத் திரைக்கு மேல் நகர்த்திக்கொண்டே போய் நிறுத்தினார்.

"மேடு இங்க இருக்கு" என்றார்.